ஆராய்ச்சிக்கு அரசுப் பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொழில் நிறுவனங்களின் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிகளுக்கு அரசு வழங்கும் மானியங்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொகைகளும் விதிகளும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள அறிவிப்பை முழுவதும் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டுகிறேன்.

கேள்வி: கோவையில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். கிராமங்களில் மின்னழுத்தம் இறங்கும்போது சுருள் கருகிவிடுகிறது என்று விவசாயிகள் சொல்வதால், குறைந்த மின்னழுத்தத்தையும் தாங்கி ஓடும் மோட்டாரை உருவாக்க முயன்று வருகிறோம். இதற்கு ஆராய்ச்சி மானியம் கிடைக்குமா? அதெல்லாம் விஞ்ஞானிகளுக்குத்தான் என்கிறார்கள். எங்களிடம் டிப்ளமோ படித்தவர்கள்தான் இருக்கிறார்கள்.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் செய்துகொண்டிருப்பது ஆராய்ச்சியேதான். மதிப்பீட்டுக் குழு முதலில் தேடுவது பட்டத்தை அல்ல. இன்னும் விடை தெரியாத தொழில்நுட்பக் கேள்வி ஒன்று அங்கே இருக்கிறதா என்பதையும், அந்த விடையைக் கண்டறிவதற்கான வழி உங்களிடம் இருக்கிறதா என்பதையும்தான். புதிய சிஎன்சி இயந்திரம் வாங்கவோ கூடுதலாக ஒரு கொட்டகை போடவோ பணம் வேண்டுமென்றால், அதற்கு மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகக் கிடைக்கும் முதலீட்டு மானியம் தனியாக இருக்கிறது. அந்தத் தேவையை ஆராய்ச்சித் திட்டத்தின் பெயரில் எழுதி அனுப்புகிறவர்களின் விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகின்றன.

“குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டார் செய்யப்போகிறோம்” என்று எழுதினால் அது விளம்பர வாசகமாகத்தான் படிக்கப்படும். உங்கள் பட்டறையில் நீங்கள் மோதிக்கொண்டிருக்கும் சிக்கலை அப்படியே எழுதுங்கள். மின்னழுத்தம் குறைந்தாலும் பம்பு கேட்கும் சுமை அதே அளவில் குறைவதில்லை. மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, சுருள் சூடாகிறது. அதைத் தவிர்க்க ஸ்டேட்டர் சுருளின் சுற்று எண்ணிக்கையைக் குறைத்தால், இரவில் முழு மின்னழுத்தம் வரும்போது இரும்புத் தகடு காந்தத் தெவிட்டலை (அதற்குமேல் காந்தம் ஏற முடியாத நிலையை) எட்டி, வெறுமையாக ஓடும்போதே மின்னோட்டம் ஏறிவிடுகிறது. ஆகவே உங்கள் உண்மையான கேள்வி இதுதான்: மும்முனை 415 வோல்ட்டுக்கு வடிவமைத்த மோட்டார் 300 வோல்ட்டில் தொடர்ந்து ஓடும்போதும் சுருளின் வெப்ப உயர்வு ஐஎஸ் 9283 தரநிலை அனுமதிக்கும் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், தகட்டின் காடி வடிவத்திலும் சுற்று எண்ணிக்கையிலும் என்ன மாற்றம் தேவை, அந்த மாற்றத்தால் முழு மின்னழுத்தத்தில் இழக்கும் திறன் எவ்வளவு? இதைப் படிக்கும் மின்பொறியாளர் எவரும் நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்பதை உடனே அறிந்துகொள்வார். மேற்கொண்டு, ஏற்கெனவே முயன்று தோற்ற வடிவங்களின் அளவீடுகளைத் தேதியோடு இணையுங்கள். தோல்வி என்று நினைத்து நீங்கள் ஒதுக்கிவைத்த அந்தத் தாள்கள்தான் விண்ணப்பத்தின் வலுவான பகுதி. உங்கள் ஊரிலேயே உள்ள சிடார்க் போன்ற பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை ஒன்றும் சேர்ந்தால் நல்லது.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில் நிறுவனத்தின் வயது முக்கியம். 2021இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம், பதிவாகி 2 ஆண்டுகளுக்கு மேற்படாத, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும் உரியது. தனிநபர் உரிமை நிறுவனங்களுக்கு அந்த அங்கீகாரமே கிடையாது. நீண்ட நாளாக இயங்கும் உங்களைப் போன்றவர்கள், சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டத்தையும், அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் பிரிஸம் திட்டத்தையும் பார்க்க வேண்டும். முதலாவதில் ஒரு யோசனையை வளர்த்தெடுக்க, புரவலர் நிறுவனமாக ஏற்கப்பட்ட கல்லூரி அல்லது தொழில்வளர் மையத்தின் (இன்குபேட்டர்) வழியாக, 15 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பிஎஸ்ஜி-ஸ்டெப் போன்ற மையங்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு, நேரில் போய் ஒருமுறை பேசாமல் விண்ணப்பத்தை எழுதத் தொடங்காதீர்கள்.

கேள்வி: ஆலோசகர் ஒருவர், விண்ணப்பத்தைத் தானே எழுதி மானியத்தை உறுதியாக வாங்கித் தருவதாகவும், வரும் தொகையில் 10 விழுக்காடு தனக்கு வேண்டும் என்றும் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். எந்த மானியத்தையும் எவராலும் உறுதியாக வாங்கித் தர முடியாது. தரகுத் தொகை, ஒப்புதல் பெற்ற செலவுத் தலைப்பு எதிலும் அடங்காது. அதை மானியக் கணக்கிலிருந்து எடுத்தால் அரசுப் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மொழிநடையைச் சீர்செய்யவோ கணக்குப் படிவங்களை நிரப்பவோ ஒருவருக்குச் சொந்தப் பணத்திலிருந்து நியாயமான கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தொழில்நுட்பப் பகுதியை நீங்களேதான் எழுத வேண்டும். நேர்காணலில் குழுவின் முன் உட்காரப்போவது நீங்கள்தான்.

கேள்வி: மதுரை மல்லிகையைக் குளிர்பெட்டி இல்லாமலே சில நாள் வாடாமல் வைக்கும் பொதியுறையை உருவாக்கி வருகிறேன். தொழில்வளர் மையம் ஒன்றின் வழியாக, மாதிரி செய்வதற்கு 10 லட்சம் ரூபாய் ஒப்புதலாகியிருக்கிறது. முதல் தவணை மட்டுமே வந்திருக்கிறது. பொதியுறைப் படலம் தயாரிப்பவர் முழு முன்பணம் கேட்கிறார். ஆள்செலவுக்கு ஒதுக்கிய தொகையைத் தற்காலிகமாக இதற்குப் பயன்படுத்தலாமா? நடப்புக் கணக்கிலேயே எல்லாப் பணத்தையும் வைத்துக்கொள்ளலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: இரண்டுக்குமே இல்லை என்பதுதான் விடை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மானியம் பெற்ற நிறுவனங்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆராய்ச்சி வெற்றி பெற்றும் கணக்கு முடியாமல் அடுத்த தவணையை இழக்கிறார்கள்.

மத்திய அரசின் மானியம் எதுவானாலும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்குக் கட்டுப்பட்டது. கொடுத்த தவணை ஒப்புதல் பெற்ற காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த தவணைக்குக் கோப்பு நகரும். மானியப் பணத்துக்குக் கிடைத்த வட்டியும் உங்களுடையது அல்ல. கணக்கு முடிந்ததும் அதை அரசின் தொகுப்பு நிதியில் செலுத்தியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டால், எந்த ரூபாய்க்கு எவ்வளவு வட்டி என்று பட்டயக் கணக்காளர் பிரித்துச் சான்றளிப்பது பெரும் பாடாகிவிடும். இந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

அடுத்து, செலவுத் தலைப்புகள். கருவி, நுகர்பொருள், ஆள்செலவு, பயணம், வெளிப் பரிசோதனை, எதிர்பாராச் செலவு என்று ஒப்புதல் கடிதத்தின் இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். செலவழித்துவிட்டு அனுமதி கேட்டால் அது கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முன்பணம் கொடுத்தாலும், சரக்கும் விலைப்பட்டியலும் கைக்கு வரும்வரை அது செலவாகக் கணக்கில் ஏறாது. விலைப்பட்டியல் உங்கள் நிறுவனத்தின் பெயரில், திட்டக் காலத்துக்குள் தேதியிட்டு இருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் வாங்கிய படலச் சுருளுக்கோ, ஒப்புதல் தேதிக்கு முந்தைய நாளில் போட்ட ரசீதுக்கோ ஒரு காசும் கிடைக்காமல் போகலாம். படலம் தயாரிப்பவரிடம் மொத்தச் சரக்கையும் ஒரே நேரத்தில் கேட்காமல், முதல் சோதனைக்குத் தேவையான அளவை மட்டும் தனி ஆணையாகப் போட்டு, நுகர்பொருள் தலைப்பில் இருக்கும் தொகைக்குள் முடிக்கப் பாருங்கள். அதுவும் இயலாவிட்டால், தலைப்பு மாற்றத்துக்கான கோரிக்கையைக் காரணத்தோடு இன்றே தொழில்வளர் மையத்துக்கு எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவணைகளுக்கு நடுவில் வரும் இடைவெளியைத் தாங்க உங்களிடம் சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தே ஆக வேண்டும். சிறு நிறுவனங்கள் மீது இந்த முறை சுமத்தும் பாரம் நியாயமானது என்று நான் கருதவில்லை. பெரிய நிறுவனத்துக்கு மூன்று மாதத் தாமதம் வெறும் கணக்குப் பதிவு; இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் அது ஒருவருடைய சம்பளம். சான்றிதழ் கேட்பது சரியே, ஆனால் அது வந்த பிறகு இத்தனை நாளுக்குள் தவணையை விடுவிப்போம் என்று வழங்கும் அமைப்பும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: ஆராய்ச்சி மானியத்துக்கு வருமான வரி உண்டா?
(வாசகர், ஈரோடு)

பதில்: உண்டு என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 2015இல் வருமான வரிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அரசு தரும் மானியம் பொதுவாக வருமானமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இயந்திரம் முதலிய சொத்து வாங்கக் கிடைத்த தொகை மட்டும் அந்தச் சொத்தின் அடக்க விலையிலிருந்து கழிக்கப்படும்; அப்போது தேய்மானமும் குறையும். மார்ச் மாதத்தில் தவணை வந்து அடுத்த நிதியாண்டில் செலவானால், வருமானம் ஓர் ஆண்டிலும் செலவு மறு ஆண்டிலும் விழுந்து வீண் வரிச்சுமை நேரக்கூடும் என்பதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை ஒப்புதல் அளித்த உள்ளக ஆராய்ச்சிக்கூடச் செலவில் முன்பு 200 விழுக்காடு வரை கழிக்க முடிந்தது. அது 2017 ஏப்ரலில் 150ஆகவும், 2020 ஏப்ரலில் 100ஆகவும் குறைந்துவிட்டது. பழைய கணக்கை நம்பி இன்றும் சிலர் திட்டம் போடுவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: விண்ணப்பத்தில் என் கண்டுபிடிப்பை முழுவதும் விவரித்தால் அது வெளியே கசிந்துவிடாதா? பணம் கொடுப்பதால் காப்புரிமை அரசுக்குப் போய்விடுமா?
(வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: மதிப்பீட்டாளர்கள் பொதுவாக இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள். ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரணத்துடன் விண்ணப்பத்தை முதலில் பதிவு செய்துவிடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரணத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் இருக்கிறது. மானிய விண்ணப்பத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கண்காட்சிகள். பதிவு செய்வதற்கு முன் கருவியைத் தொழிற்கண்காட்சியில் வைத்து இயக்கிக் காட்டினாலோ, அதன் காணொளியை வெளியிட்டாலோ, புதுமை என்னும் தகுதியே போய்விடக்கூடும்.

இரண்டாவது கேள்விக்கு விடை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெரும்பாலான திட்டங்களில் காப்புரிமை கண்டுபிடித்த நிறுவனத்திடமே இருக்கும். உயிர்த் தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு, யோசனையைச் செய்து காட்டுவதற்கு 50 லட்சம் ரூபாய் வரை 18 மாதங்களுக்குத் தரும் பிக் மானியமும் அப்படிப்பட்டதே. சிக்கல் வருவது பெரும்பாலும் கல்லூரியோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியில்தான். பேராசிரியரின் பங்கு என்ன, நிறுவனத்தின் பங்கு என்ன என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளாவிட்டால், பொருள் விற்கத் தொடங்கும் நாளில் மனக்கசப்பு வரும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பள்ளிகளுக்குக் கட்டடமும் ஆய்வகமும் போதாத நாட்டில், இலாபம் பார்க்கும் தனியார் நிறுவனத்துக்கு மக்கள் வரிப்பணத்தை ஏன் தர வேண்டும்? ஆராய்ச்சியால் இலாபம் வருமென்றால் அவர்களே செலவழிக்கட்டுமே!
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது, இதற்கு விடை சொல்ல முடியாத திட்டத்துக்குப் பணம் தரவும் கூடாது.

ஒரு நிறுவனம் தன் பணத்தைப் போட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் பயன் முழுவதும் அந்த நிறுவனத்துக்கே கிடைப்பதில்லை. போட்டியாளர்கள் பார்த்துக் கற்கிறார்கள், அங்கே வேலை பழகியவர்கள் வேறிடம் போகிறார்கள், பொருளை வாங்குகிறவருக்கு விலை குறைகிறது. சமூகத்துக்குக் கிடைக்கும் பயனில் ஒரு பகுதிதான் தனக்கு வரும் என்பதாலும், முயற்சி தோற்றால் நட்டம் முழுவதும் தன்னுடையது என்பதாலும், நிறுவனங்கள் சமூகத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே ஆராய்ச்சியில் முதலிடும். பொருளியலாளர்கள் ரிச்சர்ட் நெல்சன் 1959இலும் கென்னத் ஆரோ 1962இலும் எழுதிய கட்டுரைகளில் இந்த வாதம் தெளிவாக இருக்கிறது. இந்தியாவில் இதைக் கண்ணாலேயே காணலாம். நம் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான், அதிலும் தனியார் துறையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பகுதியைத் தொழில் நிறுவனங்களே செலவழிக்கின்றன.

நல்ல எடுத்துக்காட்டு ஹைதராபாத்தில் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இறக்குமதியாகவே வந்து, நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1993இல் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் சிறு நிறுவனம் 1997இல் அதை உள்நாட்டிலேயே உருவாக்கி வெளியிட்டது. விலை பல மடங்கு சரிந்தது. மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் தொடக்கத்திலேயே கைகொடுத்த திட்டங்களில் அதுவும் ஒன்று. அந்த உதவி இனாமாக அல்லாமல் எளிய வட்டிக் கடனாகத் தரப்பட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குக் கிடைத்த பயனை அந்த நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில் தேடினால் காணக் கிடைக்காது.

எல்லா மானியமும் இப்படிப் பலன் தருகிறது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கா 1982இல் சட்டம் இயற்றி, அரசுத் துறைகள் தங்கள் ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஆக்கியது. அந்தத் திட்டத்தை ஆராய்ந்து ஸ்காட் வால்ஸ்டன் 2000இல் வெளியிட்ட கட்டுரை, மானியம் வந்ததும் நிறுவனங்கள் சொந்தச் செலவை அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டன என்று கண்டது. அதே திட்டத்தின் எரிசக்தித் துறை மானியங்களை ஆராய்ந்து சப்ரினா ஹவல் 2017இல் வெளியிட்ட ஆய்வோ, முதற்கட்டச் சிறு மானியம் பெற்ற நிறுவனங்களுக்குத் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது என்றும், அடுத்த கட்டப் பெருந்தொகைக்கு அப்படிப்பட்ட விளைவு பெரிதாக இல்லை என்றும் காட்டியது. மாதிரியைச் செய்து பார்க்கப் பணம் கிடைத்ததுதான் காரணம் என்பது அவருடைய விளக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, பலருக்குச் சிறு தொகையாக, தொடக்கத்திலேயே தருவதே வரிப்பணத்தை நன்றாகச் செலவழிக்கும் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. இஸ்ரேலில் மானியம் பெற்ற ஆராய்ச்சி விற்பனைக்கு வந்தால், அந்த வருவாயில் ஒரு சிறு பகுதியை அரசுக்கு உரிமத் தொகையாகத் திருப்பித் தர வேண்டும். தோற்றவர் தர வேண்டியதில்லை. உங்கள் மனக்குறைக்கு அது நேரான விடை. நம் திட்டங்களிலும் அதை விரிவாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதன் மறுபக்கமும் நம்மிடம் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தனியார் கொடையில் வேரூன்றிய அந்த அரசு ஆய்வகம், இன்றும் துரு, மின்முலாம், மின்கலம் தொடர்பான சிக்கல்களோடு வரும் தொழில் நிறுவனங்களுக்கு உதவி வருகிறது.

கேள்வி: ஒசூரில் மின்வாகனங்களுக்கான மின்கல வெப்பக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செய்கிறோம். வாடிக்கையாளரின் வாகனத்திலேயே பொருத்திச் சோதித்துவிட்டோம். மத்திய அரசு அறிவித்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியிலிருந்து மானியம் பெறுவது எப்படி?
(வாசகர், ஒசூர்)

பதில்: அது மானியம் அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அவ்வாண்டு நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி, குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல் நீண்ட காலக் கடனாகவும், பங்கு முதலீடாகவும் தரப்படுவது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள அந்தப் பணம், இரண்டாம்நிலை நிதி மேலாளர்கள் வழியாகவே நிறுவனங்களுக்கு வந்து சேரும். தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் 4ஆம் படியையும் அதற்கு மேலும் எட்டிய திட்டங்களுக்கே அது உரியது. 4 என்றால், பகுதிகளை இணைத்து ஆய்வகத்தில் இயக்கிக் காட்டியாகிவிட்டது என்று பொருள்.

அதற்குக் கீழ்ப்படியில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் என் கவலை. இந்த இதழுக்கு எழுதிய கோவை, மதுரை வாசகர்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பெருநிதியால் நேரடிப் பயன் இல்லை. அவர்களுக்கு இருப்பவை 10 லட்சம், 15 லட்சம் அளவிலான பழைய திட்டங்களே. மேற்படியில் இவ்வளவு பணம் காத்திருக்கும்போது, அங்கே ஏறி வரப்போகிறவர்களுக்கான தொகையையும் எண்ணிக்கையையும் உயர்த்தாமல் இருப்பது பெரிய குறை.

உங்கள் நிலை வேறு. வாகனத்தில் பொருத்திச் சோதித்திருப்பதால் 4ஆம் படியைத் தாண்டிவிட்டீர்கள். சோதனை நடந்த நாட்கள், சுற்றுப்புற வெப்பநிலை, மின்கலத் தொகுப்பின் வெவ்வேறு இடங்களில் பதிவான வெப்பநிலை வேறுபாடு, வாடிக்கையாளர் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு ஆகியவற்றைத் தொகுத்துக்கொண்டு, தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் போன்ற நிதி மேலாளரின் அழைப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். திட்ட மதிப்பில் பாதி வரைதான் இந்த நிதியிலிருந்து கிடைக்கும். மீதிப் பாதியை எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்பதற்கு, வங்கியோ முதலீட்டாளரோ கையெழுத்திட்ட கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள்.